சட்டிக்குள் போகும் ஒயின்

ஒரு சமையல் புத்தகத்தின் ஒரே ஒரு பத்தியை மட்டும் இந்த வாரம் பிடித்துக்கொள்ளலாம் என்று உத்தேசம்.

புத்தகம் கனமானது. 700 பக்கங்களுக்கு மேல். 1961-ல் அமெரிக்காவில் வெளியான 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் ஃபிரெஞ்ச் குக்கிங்'. எழுதியவர்கள் ஜூலியா சைல்ட், சிமோன் பெக், லூயிசெட் பெர்த்தோல் என்று மூன்று பெண்மணிகள். வேலைக்காரி வைத்துக்கொள்ள வசதியில்லாத அமெரிக்கக் குடும்பங்களும் பிரெஞ்சு சாப்பாடு சமைக்க முடியும் என்று நிரூபிப்பதற்காகவே எழுதப்பட்டது. நிரூபித்தும் விட்டார்கள். அறுபது வருடம் தாண்டியும் விற்கிறது. பின்னால் வந்த ஆங்கில சமையல் புத்தகங்களில் பாதிக்கு இதுதான் பெரியம்மா.

அதில் ஒயினைச் சமையலில் சேர்ப்பது பற்றி ஒரு சின்னப் பகுதி வருகிறது. அந்தப் பத்தியைத்தான் சொன்னேன்.

ஒயினா? குடும்பப் பத்திரிகையிலா? என்று முகம் சுளிக்காதீர்கள். நாம் பேசப்போவது சட்டிக்குள் போவதைப் பற்றி. தொண்டைக்குள் போவதைப் பற்றி அல்ல. இரண்டுக்கும் நடுவே நாம் நினைத்துக்கொண்டிருக்கிற அளவுக்கு தூரமில்லை என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். அதற்கும் வருகிறேன்.

பத்தியின் சாரம் இதுதான். ஒயின் சேர்த்தால் உணவு ருசியாவது அதிலுள்ள ஆல்கஹாலால் அல்ல. அது பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது சுவை. ஆகவே, ஊற்றுகிற ஒயின் நல்லதாக இருந்தாக வேண்டும். மட்டமான ஒயினின் புளிப்பும் குறையும் கொதிக்கக் கொதிக்க இன்னும் தூக்கலாகத் தெரியும். நல்ல ஒயின் கைவசம் இல்லையா, ஒயினே வேண்டாம், விட்டுவிடு.

கேட்பதற்கு ரொம்ப நியாயமாக இருக்கிறது. அதனால்தான் இந்தப் பத்தி சுருங்கிச் சுருங்கி, 'நீ குடிக்க மாட்டாத ஒயினில் சமைக்காதே' என்று ஒற்றை வரியாகி உலகத்து சமையல் நிகழ்ச்சிகள் அத்தனையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. நம்ம டி.வி.யில் வெளிநாட்டு ஐட்டம் செய்து காட்டும் செஃப்கூட இதைச் சொல்லாமல் பாட்டிலைத் தொடுவதில்லை.

எனக்கு இந்த வரியோடு தகராறு இருக்கிறது. நான் படித்தது பி.காம். எதைச் சொன்னாலும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்றுதான் புத்தி போகும். இதையும் அப்படியே போட்டுப் பார்க்கலாம்.

நல்ல ஒயினுக்கு ஏன் விலை அதிகம்? வாசனைக்கு. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் செர்ரி, ரோஜா, ஈர மண், புகையிலை என்று அடுக்குகிறார்களே, அந்த வாசனைக்குத்தான் பெரும்பணம். அது மெல்லிய சமாசாரம். சூடு பட்டால் ஓடிவிடும். இரண்டரை மணி நேரம் அவனில் வேகும் சட்டியில் அந்த ரோஜாவும் புகையிலையும் சமையலறை ஜன்னல் வழியாக பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். நீங்கள் காசு கொடுத்தீர்கள், அவர்கள் முகர்ந்தார்கள்.

சட்டியில் தங்குவது எது? புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு. இது மூன்றும் எங்கேயும் போகாது. நாலு கப் ஒயினை ஒரு கப்பாகச் சுண்டவைத்தால் மூன்றும் நாலு மடங்கு அடர்த்தியாகும். ஆக, சட்டிக்குப் போகிற ஒயினில் கவனிக்க வேண்டியது இந்த மூன்றைத்தான். புளிப்பு கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும். இனிப்பு கூடாது. துவர்ப்பு மிதமாக இருக்கட்டும், சுண்டினால் கசக்கும். புது ஓக் பீப்பாயில் ஊறிய ஒயின் வேண்டாம், அந்த மரவாசனையும் சுண்டினால் கசப்பில்தான் முடியும். இத்தனையையும் பூர்த்தி செய்கிற ஒயின் விலை மலிவாகவே கிடைக்கும். விலை ஏற ஏற ஓக்கும் துவர்ப்பும் ஏறுவதுதான் பல சமயம் நடக்கிறது. அதாவது, குடிப்பதற்கு உயர்ந்தது சமைப்பதற்கு மோசமாகக்கூட இருக்கலாம்.

நம் வீட்டுப் புளியைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் சட்டியில் ஒயின் செய்கிற வேலையில் பாதி, புளி நம் வீட்டில் செய்வது. புளிக்காய்ச்சலுக்கு கறுத்துப்போன பழைய புளிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பாட்டிகளை எனக்குத் தெரியும். 'வாயில் போட்டுச் சப்பிப் பார்த்து ருசியாக இருக்கிற புளியைத்தான் குழம்பில் கரைக்க வேண்டும்' என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. சட்டியில் அது என்ன ஆகும் என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், இதெல்லாம் ஜூலியா சைல்டுக்கும் தெரிந்திருக்கிறது. அந்தக் கண்டிப்பான பத்திக்கு அடுத்து அவர்கள் கொடுக்கும் சிபாரிசுகளைப் படியுங்கள். சிவப்பு என்றால் இளசான, கனமான ஒயின். மாக்கோன் போதும். இத்தாலியின் கியான்டியும் சரி. எதுவும் சீமான் வீட்டுச் சரக்கு இல்லை. வெள்ளை ஒயினுக்கு வரும்போது இன்னும் இறங்கி வருகிறார்கள். அமெரிக்காவில் தோதான வெள்ளை ஒயின் நியாயமான விலைக்குக் கிடைப்பது கஷ்டம், அதற்குப் பதில் இனிப்பில்லாத வெள்ளை வெர்மூத்தை ஊற்றுங்கள், பொருத்தமில்லாத ஒயினை விட அது எவ்வளவோ மேல் என்கிறார்கள்.

இதை நான் அந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த யோசனைகளில் ஒன்று என்பேன். வெர்மூத் என்பது மூலிகை சேர்த்து, ஸ்பிரிட் கலந்து வலுவேற்றிய ஒயின். திறந்தபிறகும் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் தாங்கும். சாதா ஒயின் நாலைந்து நாளில் சோர்ந்துவிடும். அரை கப் தேவைக்கு முழு பாட்டில் திறக்கிற வீட்டில் இது எத்தனை பெரிய சேமிப்பு! எழுதியவருக்குக் குடும்ப பட்ஜெட் தெரிந்திருக்கிறது.

ஆக, பத்தி மிரட்டுகிறது, பட்டியல் அரவணைக்கிறது. வந்தவர்கள் மிரட்டலை எடுத்துக்கொண்டு அரவணைப்பை விட்டுவிட்டார்கள். பர்கண்டிப் பக்கத்து மெனு கார்டுகளில் 'கோக் ஓ ஷாம்பெர்த்தான்' என்று ஒரு பெயர் வரும். ஷாம்பெர்த்தான் ஒயினில் வேகவைத்த சேவல். ஷாம்பெர்த்தான் தோட்டம் மொத்தமே சுமார் 13 ஹெக்டேர். அதன் ஒயின் ஒரு பாட்டில் நூற்றுக்கணக்கான டாலர். அதை எவனாவது கிழட்டுச் சேவல் மேல் ஊற்றுவானா? மெனு கார்டில்தான் ஊற்றுவார்கள். ஒயினில் சேவலும் மாடும் வேகவைக்கிற வழக்கம் வந்ததே, கிழட்டுக் கறியை எப்படியாவது மெதுவாக்க, பக்கத்தில் சல்லிசாகக் கிடைத்த ஒயினை ஊற்றிப் பார்த்த கிராமத்துச் சமையலிலிருந்துதான்.

2007-ல் நியூயார்க் டைம்ஸில் ஜூலியா மாஸ்கின் (இவர் வேறு ஜூலியா) இந்த விதியை அடுப்பிலேயே வைத்துச் சோதித்தார். விலையுயர்ந்த ஒயினிலும் மலிவு ஒயினிலும் ஒரே பதார்த்தங்களைச் சமைத்து, பலருக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டு அவர் கண்ட முடிவு: மலிவே போதும். குடிக்கவே லாயக்கில்லை, சிங்க்கில் கொட்டலாம் என்று தோன்றிய ஒயின்கள்கூட சட்டியில் தேறிவிட்டதாக எழுதினார். 2002-ல் கலிஃபோர்னியாவில் 1 டாலர் 99 சென்ட்டுக்கு வந்த சார்ல்ஸ் ஷா என்ற ஒயினை 'டூ பக் சக்' என்று செல்லப் பெயர் வைத்துக் கிண்டலடித்தவர்களுக்கு அந்தக் கட்டுரை கொஞ்சம் கசந்திருக்கும்.

விதியில் ஒரு துண்டு மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. 'குக்கிங் ஒயின்' என்றே லேபிள் ஒட்டி அமெரிக்க மளிகைக் கடைகளில் ஒரு சரக்கு விற்கும். அதைத் தொடாதீர்கள். உப்புப் போட்ட ஒயின் அது. யாரும் குடித்துவிடக்கூடாது, குடிக்கிற சரக்குக்கான வரியும் கட்டவேண்டாம் என்பதற்காகச் சேர்க்கிற உப்பு. அமெரிக்க விதிப்படி இப்படி உப்பிட்ட ஒயினில் 100 மி.லி.க்கு குறைந்தது ஒன்றரை கிராம் உப்பு இருக்க வேண்டும். புத்தகத்தின் புகழ்பெற்ற 'பஃப் பூர்கின்யோன்' (ஒயினில் வேகும் மாட்டிறைச்சி) 3 கப் ஒயின் கேட்கிறது. சுமார் 710 மி.லி. அதற்கு இந்தச் சரக்கை ஊற்றினால் பத்தரை கிராம் உப்பு கூடவே இறங்கும். ஒன்றே முக்கால் டீஸ்பூன். ஏற்கெனவே பன்றிக்கொழுப்பிலும் ஸ்டாக்கிலும் உப்பு இருக்கிறது. சுண்டினால் கடல்தான்.

சரி, அந்த வில்லங்கத்துக்கு வருவோம். 'ஆல்கஹால் பெரும்பாலும் ஆவியாகிவிடும்.'

ஜூலியா சைல்ட் குழு எழுதியதில் 'பெரும்பாலும்' என்ற வார்த்தை இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அந்த ஒரு வார்த்தையைக் கழற்றி எறிந்துவிட்டு, 'எல்லாம் ஆவியாகிடும், பயப்படாம சாப்பிடுங்க' என்றார்கள். ஓட்டலில் சர்வர் சொல்கிறார். விருந்து கொடுக்கிற நண்பர் சொல்கிறார். குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிற தாயிடமும் இதையேதான் சொல்கிறார்கள்.

1992-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நிஜமாகவே சமைத்து அளந்து பார்த்தார்கள். உணவைப் பொறுத்து, ஊற்றிய ஆல்கஹாலில் 4 சதவிகிதத்திலிருந்து 85 சதவிகிதம் வரை உள்ளேயே தங்கியிருந்தது. எண்பத்தைந்து! அமெரிக்க விவசாயத் துறை இதையொட்டி வெளியிட்ட அட்டவணை இப்படிப் போகிறது: கலந்து 15 நிமிடம் கொதித்தால் 40 சதவிகிதம் மிச்சம். ஒரு மணி நேரத்துக்கு 25. இரண்டரை மணி நேரம் ஆனால்தான் 5. ஓட்டல்களில் நம் கண்ணெதிரே பிராந்தி ஊற்றி தீ கொளுத்திக் காட்டுவார்களே, அந்த வாணவேடிக்கையில் 75 சதவிகிதம் அப்படியே இருக்கும். எரிவது மேலே எழும் ஆவி. அது குறைந்ததும் தீ அணைந்துவிடும். கீழே திரவத்தில் இருப்பது இருந்தபடியே இருக்கும்.

ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்குமே, தண்ணீருக்கு முன்னால் ஓடிவிடாதா என்று பள்ளிக்கூட சயின்ஸ் ஞாபகம் இருப்பவர்கள் கேட்கலாம். தனியாக இருந்தால் ஓடும். தண்ணீரோடு கலந்துவிட்டால் அது பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து சேர்ந்துதான் வெளியேறும். வாய் அகலமான பாத்திரத்தில் சீக்கிரம், குறுகலான பாத்திரத்தில் மெதுவாக.

இப்போது கணக்கு. பஃப் பூர்கின்யோனில் 710 மி.லி. ஒயின். 13 சதவிகித ஆல்கஹால் என்றால் சுமார் 92 மி.லி. இரண்டரை மணி நேரம் வெந்தபின் 5 சதவிகிதம், நாலரை மி.லி. ஆறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒரு மி.லி. கூட இல்லை. அதே சமயம், கோழி நெஞ்சுக்கறியை வதக்கிவிட்டு அதே சட்டியில் அரை கப் வெள்ளை ஒயின் ஊற்றி 'சாஸ்' செய்கிறோம். 120 மி.லி.யில் ஆல்கஹால் 15 மி.லி. சொச்சம். பதினைந்து நிமிடம் கொதித்தாலே 40 சதவிகிதம், 6 மி.லி. மிச்சம். இரண்டு பேர் சாப்பிட்டால் தலைக்கு 3 மி.லி. தோராயக் கணக்குதான். ஆனால் விஷயம் விளங்குகிறதா? ஒரு பாட்டில் ஒயினைக் குடித்த மாட்டுக்கறியைவிட, அரை கப் ஊற்றிய அவசர சாஸில்தான் ஒவ்வொருவர் தட்டிலும் ஆல்கஹால் அதிகம்.

மூன்று மி.லி.யில் யாருக்கும் போதை ஏறாது. வாஸ்தவம். ஆனால் போதை ஏறுமா என்பது மட்டுமே கேள்வி என்று யார் சொன்னது? குடியை விட்டு எட்டு மாதம் ஆனவர் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கலாம். குடியை நிறுத்துவதற்காக டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறவர்களை, சாஸிலும் இருமல் டானிக்கிலும் இருக்கிற ஆல்கஹாலைக்கூடத் தவிர்க்கச் சொல்லி டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். கொஞ்சம் உள்ளே போனாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மத நம்பிக்கையால் ஒரு சொட்டும் தொடாதவர் இருக்கலாம். அவர்களிடம் 'எல்லாம் ஆவியாகிடுச்சு சார்' என்பது பொய். தெரியாமல் சொன்னாலும் பொய்தான். அவர் நம்மை நம்பி வாயில் வைக்கிறார். 1961-ல் எழுதியவர்களுக்கு இந்த அளவுகள் கிடைக்கவில்லை, 'பெரும்பாலும்' போட்டுத் தப்பித்தார்கள். 1992-க்குப் பிறகும் அதே பாட்டைப் பாடுகிற புத்தகங்களுக்கும் ஷோக்களுக்கும் என்ன சாக்கு? அவர்கள் விஷயத்தில் நான் கறாராகவே இருக்க விரும்புகிறேன்.

அப்படிப்பட்டவர் விருந்துக்கு வந்தால் ஸ்டாக்கும் துளி வினிகரும் போட்டுச் சமையுங்கள். பஃப் பூர்கின்யோன் என்று அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதானே? 'ஒயினே வேண்டாம், விட்டுவிடு' என்ற அவர்களின் யோசனை இந்த இடத்தில் அருமையாகப் பொருந்துகிறது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 1963-ல் ஜூலியா சைல்ட் பாஸ்டன் தொலைக்காட்சியில் 'தி ஃபிரெஞ்ச் செஃப்' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது முதல் பதார்த்தமே பஃப் பூர்கின்யோன்தான். நிகழ்ச்சி முடிவில் ஒயின் கிளாஸைத் தூக்கிக்காட்டி விடைபெறுவார். அம்மணி நிகழ்ச்சி பூரா ஊற்றிக்கொண்டே சமைக்கிறார் என்று ஊர் பேசியது. ஆரம்ப நிகழ்ச்சிகளில் அந்த கிளாஸில் இருந்தது, கிரேவிக்கு நிறம் கொடுக்கும் திரவத்தைக் கலந்த தண்ணீர்! 'நல்ல ஒயின் இல்லையென்றால் விட்டுவிடு' என்று எழுதியவர் கையில் கலர் தண்ணி. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது இதைப் படித்தபிறகுதான்.

பாட்டிலைத் திறக்கிற சடங்கு பற்றிக் கேட்பீர்கள். சமையலுக்குத் திறக்கிறவர்களுக்கு முக்கால்வாசி சடங்கு தேவையில்லை. திருகு மூடி போட்ட பாட்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். திருகு மூடி என்றால் மட்டச் சரக்கு என்பது பழங்கதை. 2000-ல் ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலி ஆசாமிகள் தங்கள் நல்ல ரீஸ்லிங் ஒயின்களுக்கே திருகு மூடிக்கு மாறினார்கள். அடுத்த வருடம் நியூசிலாந்து கையோடு கை கோத்தது. நாசிக் ஒயின்களிலும் அது சகஜம்.

கார்க் என்றால், மடக்குக் கத்தி மாதிரி இருக்குமே, 'வெய்ட்டர்ஸ் ஃபிரெண்ட்', அது போதும். 1882-ல் கார்ல் வீங்க்கே என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கிய சாமான். இன்றைக்கும் அதை மிஞ்ச ஆள் குறைவு. பாட்டில் கழுத்தில் துருத்திக்கொண்டிருக்கிற வளையத்துக்குக் கீழே காகிதத்தை வெட்டுங்கள். சுருளை நட்ட நடுவில் குத்தி நேராகத் திருகுங்கள். கடைசி ஒரு சுற்று வெளியே தெரியும்போது நிறுத்துங்கள். முழுக்க இறக்கினால் அடியில் துளைத்துத் தூள் விழும். பிறகு நெம்புகோலை பாட்டில் விளிம்பில் வைத்து மேலே தூக்குங்கள். பாட்டில் கழுத்தைத் துணியால் பிடித்துக்கொள்வது நல்லது. திருகி இல்லாவிட்டால் பாட்டிலின் அடியை ஷூவில் வைத்துச் சுவரில் மோதுகிற வித்தை ஒன்று சுற்றுகிறது. கார்க் வரும், சில சமயம் கண்ணாடியும் வரும். வேண்டாம். கார்க்கை உள்ளே தள்ளிவிட்டு டீ வடிகட்டியில் வடித்துவிடுங்கள். சட்டிக்குப் போகிற ஒயினுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

'திறந்து வைத்து மூச்சு விடச் சொல்வது' சமையலுக்குத் தேவையே இல்லை. குடிப்பதற்கும்கூட, கார்க்கை மட்டும் கழற்றிவைப்பதால் பெரிதாக எதுவும் நடக்காது. ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு வாய், அதன் வழியே எவ்வளவு காற்று போய்விடும்?

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஊற்றுவதற்கு முன் முகர்ந்து பாருங்கள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம், பூட்டிவைத்த கோடவுன் நாற்றம் அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். ட்ரைகுளோரோஅனிசோல் என்ற ரசாயனத்தின் வேலை. 1981-ல் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்த பாட்டில் என்ன விலையானாலும் சட்டிக்குப் போகக்கூடாது. புத்தகத்தின் கண்டிப்பு இந்த ஒரு பாட்டிலுக்கு முழுசாகப் பொருந்தும்.

பாத்திரம் அலுமினியமாக இருக்க வேண்டாம். புளிக்கரைசலை அதில் கொதிக்கவைத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். மிச்ச ஒயினை ஐஸ் டிரேயில் ஊற்றி ஃபிரீசரில் வையுங்கள், இறுகினதும் பாலிதீன் பைக்கு மாற்றி 'ஒயின்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். திராட்சை ஜூஸ் கட்டி மாதிரியே இருக்கும்.